தவக்கால நோன்பும் இறைச்சி தவிர்ப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயிர்ப்பு ஞாயிறுக்கு (ஈஸ்டருக்கு) முந்தைய தவக்காலம் நெருங்கினாலே மறைக்கல்வி ஆசிரியர்களிடம் வருகிற கேள்விகள் பெரும்பாலும் அதேதான், கேட்கிறவர்கள்தான் மாறுகிறார்கள். உடம்புக்கு முடியாத நிலையிலும் பட்டினி கிடந்துவிட்டு, அப்படியும் ஏதோ குறை வைத்துவிட்டோம் என்று கலங்குகிறவர்கள் உண்டு. "அதெல்லாம் பழைய காலத்துச் சட்டம்" என்று புனித வெள்ளியைக்கூடச் சாதாரண நாளாகக் கழிக்கிறவர்களும் உண்டு. திருச்சபை உண்மையில் என்ன கேட்கிறது என்பது இருவருக்குமே சரியாகச் சொல்லப்படவில்லை. அதனால்தான் இந்தத் தொகுப்பு. இதில் சொல்லியிருப்பவை இலத்தீன் வழிபாட்டு முறையைச் சேர்ந்த கத்தோலிக்கருக்கானவை. சீரோ மலபார் போன்ற கீழைத் திருச்சபைகளைப் பற்றிப் பின்னால் தனியாக ஒரு கேள்வி வருகிறது.

தவக்காலம் நாற்பது நாள்னு சொல்றீங்க. நாள்காட்டியில எண்ணினா நாற்பத்தாறு வருதே?

திருநீற்றுப் புதன் முதல் புனித சனி வரை எண்ணினால் 46 நாள்தான். அதில் ஆறு ஞாயிறுகள் இருக்கின்றன. ஞாயிறு ஆண்டவர் உயிர்த்த நாள். எந்தக் காலத்திலும் அது நோன்பு நாள் ஆகாது. ஆறைக் கழித்தால் 40. இயேசு பாலைநிலத்தில் நோன்பிருந்த நாற்பது நாள்களோடு இந்தக் கணக்கு பொருந்துகிறது.

வழிபாட்டு ஒழுங்கின்படி தவக்காலம் பெரிய வியாழன் மாலை ஆண்டவரின் இராவுணவுத் திருப்பலிக்கு முன்பே முடிந்து, பாஸ்கா முந்நாள் (இயேசுவின் பாடுகள், இறப்பு, உயிர்ப்பைக் கொண்டாடும் மூன்று நாள்) தொடங்கிவிடுகிறது. புனித வெள்ளி நோன்பு அந்த முந்நாளைச் சேர்ந்தது. கடைப்பிடிக்கும் விதத்தில் இதனால் ஒரு மாற்றமும் இல்லை.

ஒருசந்தி, சுத்தபோசனம் ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை. குழப்பத்தில் பாதி இங்கேதான் தொடங்குகிறது. ஒருசந்தி என்று பெரியவர்கள் சொல்லும் நோன்பு உணவின் அளவைக் குறைப்பது: ஒரு நாளில் ஒரே ஒரு முழுச் சாப்பாடு. சுத்தபோசனம் உணவின் வகையைப் பற்றியது: இறைச்சியைத் தவிர்ப்பது. சுத்தபோசன நாளில் மூன்று வேளையும் வயிறாரச் சாப்பிடலாம், இறைச்சி மட்டும் கூடாது. சில நாள்களில் இரண்டும் சேர்ந்து வரும்.

சரி, எந்த நாள் எது கட்டாயம்?

இரண்டும் சேர்ந்து கட்டாயமாக இருப்பது ஆண்டுக்கு இரண்டே நாள்கள்: திருநீற்றுப் புதன், புனித வெள்ளி. தவக்காலத்தின் மற்ற வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி தவிர்ப்பு மட்டும் உண்டு, நோன்பு இல்லை. தவக்காலத்தின் மீதி நாள்களில் சட்டப்படி ஒன்றும் இல்லை.

"இவ்வளவுதானா?" என்று பலர் ஏமாற்றத்தோடு கேட்கிறார்கள். கட்டாயம் இவ்வளவுதான். முன்பு இது மிகக் கடுமையாக இருந்தது. 1917ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின்படி ஞாயிறு தவிரத் தவக்காலத்தின் எல்லா நாளும் நோன்பு நாளே. 1966 பிப்ரவரி 17 அன்று திருத்தந்தை ஆறாம் பவுல் 'பெனித்தேமினி' என்ற ஆணை மடலில் இதை மாற்றி அமைத்தார். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1249 முதல் 1253 வரையிலான பிரிவுகள் அந்த மடலை ஒட்டியவை. இன்று நடைமுறையில் இருப்பவை இவையே. தவம் தேவையில்லை என்று நினைத்துச் சட்டத்தைக் குறைக்கவில்லை. 1249ஆம் பிரிவு, தவம் செய்வது கடவுளின் சட்டப்படியே எல்லா நம்பிக்கையாளருக்கும் கடமை என்றுதான் தொடங்குகிறது. எல்லாரும் ஒன்றாகச் செய்ய வேண்டிய குறைந்தபட்சத்தை மட்டும் சொல்லிவிட்டு, மற்றதை ஒவ்வொருவரின் மனச்சான்றுக்கும் தாராளத்துக்கும் விட்டிருக்கிறார்கள்.

நோன்பு அன்னிக்கு எவ்வளவுதான் சாப்பிடலாம்? ஒண்ணுமே சாப்பிடக் கூடாதா?

சாப்பிடலாம். ஒரு வேளை முழுச் சாப்பாடு, அதைத் தவிர மற்ற இரு வேளைகளிலும் சிறிதளவு உணவு. அந்த இரண்டையும் சேர்த்தால்கூட ஒரு முழுச் சாப்பாட்டின் அளவை எட்டக் கூடாது என்பது பொதுவாகச் சொல்லித்தரும் கணக்கு. முழுச் சாப்பாட்டை மதியம் வைத்துக்கொள்வதா இரவிலா என்பது உங்கள் வசதி. இடையில் கொறிப்பது கூடாது.

கிராம் கணக்கெல்லாம் கிடையாது. உடலுழைப்பு அதிகமுள்ளவரின் "சிறிதளவு" நாள் முழுக்க உட்கார்ந்து வேலை செய்கிறவரின் "சிறிதளவை" விடக் கூடுதலாகவே இருக்கும். பசி தெரிய வேண்டும், ஆனால் அன்றைய கடமையைச் செய்யத் தெம்பும் இருக்க வேண்டும்: இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டால் அளவு தானாகவே பிடிபடும். சிலர் இரண்டு சிறு உணவையும் விட்டுவிட்டு ஒரே வேளை மட்டும் சாப்பிடுகிறார்கள். உடல் தாங்கினால் நல்லதுதான், கட்டாயமில்லை. நாளின் கணக்கு நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை.

காபி, டீ, பால், பழச்சாறு குடிச்சா நோன்பு முறிஞ்சிடுமா?

முறியாது. தண்ணீருக்குத் தடையே இல்லை. நீராகாரம் நோன்பை முறிப்பதில்லை என்பது 13ஆம் நூற்றாண்டு இறையியலாளர் புனித தாமஸ் அக்குவினாஸ் காலத்திலிருந்தே இருந்துவரும் கருத்து. மாத்திரை மருந்துக்கும் தடை இல்லை.

ஆனால் ஒரு வேளைச் சாப்பாட்டின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்படி, பசியே தெரியாத அளவுக்குக் கெட்டியாக எதையாவது அடித்துக் குடித்துவிட்டு "இதுவும் பானம்தானே" என்று வாதாடுவது சரியில்லை. சட்டத்தின் சொல்லைக் காப்பாற்றி நோன்பைக் கைவிட்டதாகத்தான் அது ஆகும்.

எந்த வயசுல இருந்து எந்த வயசு வரைக்கும்?

இரண்டு கடமைக்கும் வயது வெவ்வேறு. இறைச்சி தவிர்ப்பு 14 வயது முடிந்தவர்களுக்கு. மேல் வரம்பு கிடையாது, எண்பது வயதிலும் உண்டு. நோன்பு 18 வயது முடிந்ததிலிருந்து அறுபதாவது வயது தொடங்கும் வரை. இங்கே பலர் தவறுகிறார்கள். அறுபதாவது வயது தொடங்குவது 59 முடியும்போதுதான். ஆக, 59ஆவது பிறந்தநாளைக் கடந்தவருக்கு நோன்புக் கடமை முடிந்தது, இறைச்சி தவிர்ப்பு தொடர்கிறது.

சரியாகப் பிறந்தநாளன்றே வந்தால்? சட்டக் கணக்கில் பிறந்த நாளைச் சேர்ப்பதில்லை. அந்த வயது பிறந்தநாள் முடியும் நள்ளிரவில்தான் நிறைகிறது. தவக்கால வெள்ளியொன்றில் பதினான்காம் பிறந்தநாள் கொண்டாடும் பெண்ணுக்கு அன்று கடமை இல்லை, அடுத்த வெள்ளியிலிருந்து உண்டு.

என் பையனுக்குப் பத்து வயசு. அவனையும் நோன்பு இருக்க வைக்கலாமா?

பட்டினி போடாதீர்கள். வளரும் பிள்ளையிடம் திருச்சபையே கேட்காததை நாம் கேட்க வேண்டியதில்லை. அதே சமயம், வயது வராத பிள்ளைகளுக்குத் தவத்தின் உண்மைப் பொருளைக் கற்றுக்கொடுப்பது பெற்றோர், அருள்பணியாளர் இருவரின் கடமை என்று 1252ஆம் பிரிவு சொல்கிறது. வெள்ளிக்கிழமை வீட்டில் எல்லாருக்கும் இறைச்சியில்லாத உணவு என்றால் அவனும் இயல்பாக அதில் சேர்ந்துகொள்வான். மற்றபடி, தனக்குப் பிடித்த ஒன்றை அவனே தேர்ந்தெடுத்து விடட்டும். ஏன் விடுகிறோம், அதனால் மிச்சமாவது யாருக்குப் போகிறது என்று உட்கார வைத்துப் பேசுங்கள். அந்தப் பேச்சு நடக்காத வீடுகளில் நோன்பு பிள்ளைகளுக்கு வெறும் தண்டனையாகத்தான் பதிகிறது.

எனக்குச் சர்க்கரை நோய். ஒரு நாள்தானேன்னு நோன்பு இருந்துடவா?

வேண்டாம். நோயாளிகள், கருவுற்றிருப்பவர்கள், பாலூட்டும் தாய்மார்கள், உடல் வருத்திக் கடும் உழைப்புச் செய்கிறவர்கள் ஆகியோரை நோன்பு கட்டுப்படுத்தாது. கிடைத்ததைச் சாப்பிட்டே ஆக வேண்டிய நிலையில் இருப்பவர்களுக்கும், உதாரணமாக மருத்துவமனையிலோ சிறையிலோ கொடுப்பதைத்தான் உண்ண முடியும் என்றால், அப்படித்தான். இதற்கு முன் அனுமதிகூடத் தேவையில்லை.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. மருந்து போட்டுக்கொண்டு உணவைத் தள்ளிப்போட்டு மயங்கி விழுகிறவர்கள் உண்மையாகவே பக்தியுள்ளவர்கள். பிறர் என்ன நினைப்பார்களோ என்று பயந்து இருக்கிறவர்களும் அதில் உண்டு. உடலைக் காப்பதும் ஐந்தாம் கட்டளைக்குள் வருவதுதான். உணவில் முடியாவிட்டால் தொலைக்காட்சியை அணைத்து வைக்கலாம், சிலுவைப்பாதை செய்யலாம், படுக்கையில் இருக்கும் ஒருவரைப் போய்ப் பார்க்கலாம். நோயைப் பொறுமையோடு சுமப்பதே தவம் என்று 'பெனித்தேமினி' மடலும் ஏற்றுக்கொள்கிறது.

இறைச்சி கூடாது, மீன் கூடும். இது என்ன நியாயம்?

இறைச்சி என்று சட்டம் கருதுவது நிலத்தில் வாழும் வெப்ப இரத்த விலங்குகள், பறவைகள் ஆகியவற்றின் சதை. கோழியும் இதில் அடங்கும். "கோழி இறைச்சியில் சேராதே" என்று கேட்பவர்கள் நிறையப் பேர். மீன், இறால், நண்டு போன்றவை அடங்காது.

பழங்காலத்தில் இறைச்சி விருந்து நாளின் உணவு. கொண்டாட்டத்தின் அடையாளத்தை விடுவது துக்கத்தின் அடையாளம். இன்னொரு காரணமும் தொன்றுதொட்டுச் சொல்லப்படுகிறது: வெள்ளிக்கிழமை இயேசு நமக்காகத் தம் சதையைக் கையளித்தார், அந்த நாளில் நாம் சதையுணவை விடுகிறோம். மீன் மட்டமான உணவு என்பதால் அனுமதித்தார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அதேபோல, வெள்ளிக்கிழமை என்பதற்காகவே விலை உயர்ந்த மீன் வகைகளை வாங்கி விருந்து வைப்பது சட்டத்தை மீறுவதில்லை என்றாலும், அந்த வெள்ளியில் தவம் எங்கே இருக்கிறது என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

முட்டை? நெய்? இறைச்சி வேக வைத்த சாறு?

முட்டை, பால், வெண்ணெய், நெய் எல்லாம் சாப்பிடலாம். விலங்குக் கொழுப்பில் செய்த தாளிப்பு, சுவையூட்டி ஆகியவற்றையும் 1966ஆம் ஆண்டு மடல் அனுமதிக்கிறது. நடுக்காலத்தில் முட்டையும் பாலும்கூடத் தவக்காலம் முழுக்கத் தடையாக இருந்தன, இன்று இல்லை.

சாறு கொஞ்சம் சிக்கலானது. 1917ஆம் ஆண்டுச் சட்டம் இறைச்சிச் சாற்றையும் பெயர் சொல்லித் தடுத்தது. புதிய சட்டத்தில் அந்தச் சொல் இல்லை. ஆகவே கண்டிப்பாகத் தடை என்று சொல்ல முடியாது. ஆனால் துண்டுகளை ஓரமாக ஒதுக்கிவிட்டுக் குழம்பை மட்டும் ஊற்றிக்கொள்வதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். நாக்கு எதை நாடியதோ அது கிடைத்துவிட்டது, விட்டது என்ன?

நான் பிறந்ததுல இருந்தே சைவம். எனக்கு இதுல என்ன இருக்கு?

சட்டம் உங்களிடம் வேறு எதையும் கூடுதலாகக் கேட்கவில்லை. இறைச்சி உண்ணாததால் அது நிறைவேறிவிட்டது. ஆனால் எதையும் இழக்காத ஒன்றைத் தவம் என்று சொல்ல உங்கள் மனமே ஒப்பாது, அதனால்தானே கேட்கிறீர்கள். வெள்ளிக்கிழமைகளில் நீங்கள் விரும்பிச் சாப்பிடும் ஒன்றை விடுங்கள். 1251ஆம் பிரிவே "இறைச்சி அல்லது ஆயர் பேரவை குறிக்கும் வேறு உணவு" என்றுதான் பேசுகிறது (ஆயர் பேரவை என்பது ஒரு நாட்டு ஆயர்களின் கூட்டமைப்பு). இறைச்சி பிடிக்காது, எப்போதாவதுதான் சாப்பிடுவேன் என்கிறவர்களுக்கும் இதே பதில்.

வெள்ளிக்கிழமை ஒரு பெரிய திருநாள் வந்தா இறைச்சி சாப்பிடலாமா?

அந்த நாள் பெருவிழாவாக, அதாவது திருச்சபை நாள்காட்டியில் மிக உயர்ந்த நிலைத் திருநாளாக, இருந்தால் சாப்பிடலாம். விழா, நினைவு என்ற கீழ்நிலை நாள்களுக்கு இந்தச் சலுகை இல்லை. தவக்காலத்தில் வழக்கமாக வரும் பெருவிழாக்கள் இரண்டு: மார்ச் 19 புனித யோசேப்பு, மார்ச் 25 ஆண்டவரின் பிறப்பு அறிவிப்பு. 2021இல் முதலாவதும் 2022இல் இரண்டாவதும் வெள்ளிக்கிழமையில் வந்தன. அன்று இறைச்சி தவிர்ப்புக் கட்டாயமில்லை. பிப்ரவரி 22 அன்று வரும் புனித பேதுருவின் தலைமைப்பீடம் 'விழா' மட்டுமே. அது வெள்ளியில் வந்தால் சுத்தபோசனம் அப்படியே இருக்கும்.

புனித வெள்ளியை எதுவும் அசைக்காது. 2016இல் மார்ச் 25 புனித வெள்ளியாக அமைந்தது. பிறப்பு அறிவிப்புப் பெருவிழாதான் ஏப்ரல் 4க்குத் தள்ளிப்போனது. திருநீற்றுப் புதனும் அப்படித்தான். பிறந்தநாள், திருமண நாள், காதலர் தினம் எதுவானாலும் கொண்டாட்டத்தை வேறு நாளுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

தவக்காலம் முடிஞ்சா வெள்ளிக்கிழமைக் கணக்கும் முடிஞ்சதா?

முடியவில்லை. இது பலருக்குப் புதிய செய்தியாக இருக்கும். 1250ஆம் பிரிவின்படி ஆண்டின் எல்லா வெள்ளிக்கிழமையும் தவ நாள்தான். பொதுச் சட்டப்படி எல்லா வெள்ளியும் இறைச்சி தவிர்ப்பும் உண்டு. ஆனால் 1253ஆம் பிரிவு, அதற்குப் பதிலாக வேறு தவ முயற்சியையோ இரக்கச் செயலையோ செபத்தையோ வைத்துக்கொள்ள வழி செய்யும் உரிமையை ஆயர் பேரவைக்குத் தருகிறது. பல நாடுகளில் தவக்காலத்துக்கு வெளியே அப்படித்தான் நடக்கிறது. எதிர்த் திசையில் போனவர்களும் உண்டு: இங்கிலாந்து, வேல்ஸ் ஆயர்கள் 2011 செப்டம்பரில் எல்லா வெள்ளிக்கும் இறைச்சி தவிர்ப்பைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். நீங்கள் வாழும் நாட்டின் முடிவு என்ன என்று பங்குத்தந்தையிடம் ஒருமுறை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பெருவிழாச் சலுகை இங்கேயும் உண்டு. உயிர்ப்பு எண்கிழமை வெள்ளியும் (உயிர்ப்பு ஞாயிறுக்கு அடுத்த வெள்ளி), எப்போதும் வெள்ளியிலேயே வரும் இயேசுவின் திருஇருதயப் பெருவிழாவும் அதில் அடங்கும்.

வெள்ளிக்கிழமைங்கிறதை மறந்து சாப்பிட்டுட்டேன். பாவமா?

மறதி பாவமல்ல. நினைவு வந்த நொடியில் நிறுத்திவிடுங்கள். தட்டில் மிச்சம் இருக்கிறதே என்று தொடர வேண்டாம். விரும்பினால் அன்று வேறொரு சிறு தவம் செய்யலாம்.

தெரிந்தே, காரணமும் இல்லாமல், "இதிலென்ன இருக்கிறது" என்ற அலட்சியத்தில் செய்வது வேறு. தவ நாள்களை அவற்றின் சாரம் கெடாமல் கடைப்பிடிப்பது கனமான கடமை என்று 'பெனித்தேமினி' சொல்கிறது. அப்படி விட்டவர்கள் ஒப்புரவு அருள்சாதனத்தில் (பாவசங்கீர்த்தனத்தில்) அதைச் சொல்ல வேண்டும்.

விருந்துக்குப் போன வீட்டுல இறைச்சி பரிமாறிட்டாங்க. என்ன செய்ய?

முன்பே தெரிந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்; பெரும்பாலான வீடுகளில் மரியாதையோடுதான் எடுத்துக்கொள்வார்கள். சொல்லாமல் போய் இலையில் வந்த பிறகு என்றால், இறைச்சியை விட்டு மற்றதைச் சாப்பிடலாம், பிரசங்கம் செய்யாமல். சாப்பிட வேறொன்றும் இல்லை, மறுத்தால் அந்த ஏழைக் குடும்பம் உண்மையிலேயே புண்படும் என்ற நிலை வந்தால், அன்பு முந்திக்கொள்ளலாம். இது அரிதாக வருவது. "அவர்கள் மனம் நோகுமே" என்பதை ஒவ்வொரு வெள்ளியும் சொல்ல வேண்டி வந்தால், நோவது யார் மனம் என்று பார்க்க வேண்டும்.

நாற்பது நாளும் இறைச்சி தொட மாட்டேன்னு சொல்லிட்டு நடுவுல சாப்பிட்டுட்டேன். நேர்ச்சையை மீறிட்டேனா?

நீங்கள் செய்தது தீர்மானமா நேர்ச்சையா என்பதைப் பொறுத்தது. மேலே சொன்னபடி நாற்பது நாளும் விடுவது சட்டம் அல்ல, உங்கள் தாராளம். "இந்தத் தவக்காலம் இப்படி இருக்கப் போகிறேன்" என்பது தீர்மானம். அது முறிந்தால் பாவமில்லை, மறுநாள் தொடரலாம். கடவுளுக்கென்று தெளிவாக, தெரிந்து, சுதந்திரமாகக் கொடுத்த வாக்குறுதிதான் நேர்ச்சை, அது கட்டுப்படுத்தும். அதை நிறைவேற்ற முடியாமல் போனால், தகுந்த காரணத்தோடு பங்குத்தந்தை விலக்கு அளிக்க 1196ஆம் பிரிவு இடம் தருகிறது. அவசரத்தில் நேர்ச்சை செய்யாதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

அப்போ நானா விட்டதை ஞாயிற்றுக்கிழமை சாப்பிடலாமா?

சாப்பிடலாம். ஞாயிறு ஏன் கணக்கில் இல்லை என்று முதல் கேள்வியிலேயே பார்த்தோம். ஒரு நாள் தளர்த்தினால் பழைய பழக்கம் திரும்பிவிடும் என்று அஞ்சுகிறவர்கள், குறிப்பாகக் குடியையோ புகையையோ விட முயல்கிறவர்கள், ஞாயிறும் தொடரட்டும்.

நற்கருணைக்கு முன்னாடி இருக்கிற ஒரு மணி நேரமும் இந்த நோன்பும் ஒண்ணா?

வேறு வேறு. நற்கருணை நோன்பு ஆண்டு முழுவதும், எந்த நாளிலும், திருப்பலியில் நற்கருணை அப்பம் வாங்குவதற்கு முந்தைய ஒரு மணி நேரம். இதில் தண்ணீரும் மருந்தும் தவிர எதுவும் கூடாது, காபி உட்பட. முதியோர், நோயாளிகள், அவர்களைப் பராமரிப்பவர்கள் ஆகியோருக்கு இதில் தளர்வு உண்டு. புனித வெள்ளி மாலை வழிபாட்டில் நற்கருணை வாங்குகிறவர்கள் இரண்டையும் நினைவில் வைக்க வேண்டும்.

புனித சனியும் நோன்புதானே?

கட்டாயமில்லை. ஆனால் புனித வெள்ளி நோன்பை முடிந்தால் சனிக்கும் நீட்டிக்கும்படி இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாடு பற்றிய ஏட்டில் பரிந்துரைத்தது. உடல் இடம் கொடுப்பவர்கள் ஒருமுறை முயன்று பாருங்கள். பசியோடு காத்திருந்து உயிர்ப்புத் திருவிழிப்புக்குப் போகும் அனுபவத்தைச் சொல்லிப் புரிய வைக்க முடியாது.

எடை குறையுமேன்னும் ஒரு நினைப்பு இருக்கு. அது நோன்பைக் கெடுத்துடுமா?

கூடவே வரும் பலன் கெடுக்காது. அதுவே நோக்கமாகிவிட்டால் அது உணவுக் கட்டுப்பாடு, நோன்பு அல்ல. மத்தேயு 6ஆம் அதிகாரத்தில் இயேசு அறம், செபம், நோன்பு மூன்றையும் அடுத்தடுத்து வைத்துத்தான் பேசுகிறார். ஐந்தாம் நூற்றாண்டு ஆயர் புனித பேதுரு கிறிசோலோகு, இவை மூன்றும் ஒன்றிலிருந்து ஒன்று உயிர் பெறுகின்றன, பிரித்தால் எதுவும் நிற்காது என்று போதித்தார். எசாயா 58இல் ஆண்டவர் நோன்பை வெறுப்பது, நோன்பு நாளிலேயே வேலையாள்களை ஒடுக்கிச் சண்டை போடுகிறவர்களிடம்தான். பசித்தோருக்கு உணவைப் பகிர்வதே தாம் விரும்பும் நோன்பு என்கிறார்.

ஆகவே இறைச்சி வாங்காமல் மிச்சமான பணத்தை அப்படியே தனியே எடுத்து வைத்து, இல்லாதவருக்குக் கொடுங்கள். பசியில் வரும் எரிச்சலை வீட்டாரிடம் காட்டாதிருப்பதையும் நோன்பின் பகுதியாக எடுத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்து பலருக்கு இறைச்சியை விடுவதைவிட இதுதான் கடினம்.

என் கணவர் வீட்டார் கீழைத் திருச்சபை. அவங்க திங்கட்கிழமையே ஆரம்பிக்கிறாங்க. யார் கணக்கு சரி?

இரண்டும் சரி. கீழைக் கத்தோலிக்கத் திருச்சபைகளுக்கு 1990இல் வெளியான தனிச் சட்டத் தொகுப்பும், ஒவ்வொன்றுக்கும் சொந்த ஒழுங்கும் உண்டு. பலவற்றில் பெரிய நோன்பு திங்களன்றே தொடங்குகிறது. விதிகளும் பெரும்பாலும் நம்முடையதைவிடக் கடுமை. ஒருவர் எந்தத் திருச்சபையைச் சேர்ந்தவரோ அதன் ஒழுங்கு அவரைக் கட்டுப்படுத்தும். ஒரே அடுப்பில் சமைக்கும் குடும்பம் என்றால் கடுமையானதை எல்லாரும் சேர்ந்து கடைப்பிடிப்பது எளிது, ஆனால் மற்றவர்மீது திணிக்காமல்.

பங்குத்தந்தையிடம் விலக்கு கேட்கக் கூச்சமா இருக்கு. நானே முடிவு பண்ணிக்கலாமா?

நோய், கடும் உழைப்பு போல வெளிப்படையான காரணம் இருந்தால், மேலே சொன்னபடி, கேட்கவே தேவையில்லை. காரணம் போதுமா என்று உங்களுக்கே ஐயம் இருந்தால் கேளுங்கள். தனிப்பட்ட ஒருவருக்குத் தகுந்த காரணத்தின்பேரில் விலக்குத் தரவோ, அதற்குப் பதில் வேறொரு பக்தி முயற்சியைக் குறிக்கவோ 1245ஆம் பிரிவு பங்குத்தந்தைக்கு அதிகாரம் தருகிறது. துறவு இல்லங்கள் சிலவற்றில் இருப்போருக்கு அவர்கள் தலைவரும் இதைச் செய்யலாம். கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நிலைமையை இரண்டு வரியில் சொல்லுங்கள், பதிலாக என்ன செய்யட்டும் என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள். திருநீற்றுப் புதன் காலையில் வரிசையில் நிற்கும்போது கேட்காமல், அதற்கு முந்தைய வாரமே போய்ப் பார்த்தால் அவருக்கும் நின்று பேச நேரம் இருக்கும்.